மூன்று வண்டிக்கு ஒரே முட்டுக்கட்டை

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து, வெளியூர்க் கார்கள் சாலை முழுக்க ஊர்ந்துகொண்டிருந்த நேரம். ஒரு வியாழக்கிழமை காலை, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஓட்டுநர் தேர்வு நடக்கிற மைதானத்தில் இது நடந்தது.

நான் தென்காசியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். இரண்டு கார், ஒரு பழைய லாரி. இருபது வருடத் தொழில். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் கிளட்சும் கியரும் காட்டிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கேட்பவர்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு ஹெவி லைசென்ஸ் தேர்வு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்காது. அங்கே முதலில் தேர்வு எழுதுவது ஆள் இல்லை, வண்டி. லாரியோ பஸ்ஸோ, நாம்தான் கொண்டுபோக வேண்டும். எஃப்.சி. என்கிற அதன் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கண்ணாடி, வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் வேலை செய்ய வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க வேண்டும். இவற்றோடு தீயணைக்கும் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் பின்னால் வைக்கிற சிவப்பு முக்கோணம், டயருக்கு அண்டை கொடுக்கிற முட்டுக்கட்டை இரண்டு. இதில் ஒன்று குறைந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கண்ணாடியையும் வைப்பரையும் இரவல் வாங்க முடியாது. சிலிண்டரையும் பெட்டியையும் கட்டையையும் வாங்கலாம். அதனால் எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். வரிசையில் மூன்று வண்டி நின்றால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் சாமான் இருக்கும். தேர்வு வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் முதல் வண்டியைப் பார்த்துவிட்டு நகர்ந்ததும், அந்தச் சாமான் வண்டிகளுக்குப் பின்பக்கமாகவே அடுத்த வண்டிக்குப் போய்விடும். கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி ஓடுகிற சாம்பார் வாளி மாதிரி. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். அந்த முதலுதவிப் பெட்டியை ஒரு தடவை நான் திறந்து பார்த்தேன். காய்ந்துபோன டிங்க்சர் பாட்டில் ஒன்று, ஒரு பஞ்சு உருண்டை, ஒரு சீப்பு. சீப்பு யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

அந்தச் செட்டில் கட்டை இரண்டும் என்னுடையவை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் லாரியின் ஹேண்ட் பிரேக் சில மாதங்களாகச் சரியாகப் பிடிக்கவில்லை. சமதளத்தில் நிற்கும், சரிவில் நிற்காது. சீசன் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எங்கே நிறுத்தினாலும் கியரில் போட்டு, பின் டயருக்குக் கட்டை வைத்துவிடுவேன். கட்டை இருக்கிற தைரியத்தில் பிரேக்கையே மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு என்னிடம் ஹெவி தேர்வுக்கு மூன்று பேர். இரண்டு பேர் இளவட்டங்கள். மூன்றாவது ஆள்தான் இந்த அனுபவத்துக்குச் சொந்தக்காரர். வயது நாற்பத்தொன்று. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளாவுக்கு மினி லாரி ஓட்டுபவர். மதியம் லோடு ஏற்றி, சாயங்காலம் செங்கோட்டை வழியாக மலை ஏறி, அங்கே இறக்கிவிட்டு விடிந்த பிறகு வீடு வந்து சேருவார். ஓட்டுவதில் அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றும் இல்லை. புளியரை வளைவுகளை வாரத்துக்கு ஆறு தடவை ஏறி இறங்குகிற ஆளுக்கு நான் என்ன கற்றுக்கொடுப்பது. பெரிய வண்டியின் நீளம் பழகுவதற்கு நாலு நாள் ஆனது, அவ்வளவுதான்.

இலத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹெவி லைசென்ஸ் இருந்தால் அடுத்த திங்கட்கிழமையே சேர்ந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தியோடு வந்த அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது இதுதான்.

"பதினாலு வருசமா ராத்திரிச் சோறு வீட்ல தின்னதில்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம மட்டுந்தான். அன்னைக்கும் ஒறங்கிருவேன். எம் பொண்ணு எட்டாப்புக்கு வந்துட்டா. இந்த வேல கெடச்சா ஆறு மணிக்கு வீட்ல இருப்பேன்."

அவருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போட்டு ஆறு மாதத்துக்குள் தேர்வில் ஜெயிக்க வேண்டும். அவருடைய ஆறு மாதம் அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. முதலில் அவருக்குக் கிடைத்த தேதியில் என் லாரி எஃப்.சி.க்குப் போயிருந்தது. இரண்டாவது தேதியில் சந்தையில் அவருக்கு லோடு. அப்படியே நகர்ந்து நகர்ந்து இந்த வியாழக்கிழமைதான் மிச்சம். இதில் தோற்றால் ஏழு நாள் கழித்துத்தான் மறுதேர்வு. அதற்குள் எல்.எல்.ஆர். செத்துப்போகும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பள்ளிக்கூட வேலையும் போய்விடும். அவர் சட்டைப் பையில் அந்த எல்.எல்.ஆர். தாளை நாலாக மடித்து வைத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் அவரிடம், "நீ ஃபெயிலாகணும்னா மெனக்கெட்டு முயற்சி பண்ணணும் தம்பி. சும்மா இரி" என்று கேலி செய்தேன்.

காலையிலிருந்தே சாரல். மைதானம் நனைந்து கிடந்தது. ஒரு ஓரம் உயர்ந்து, வாசல் பக்கம் தாழ்ந்த மைதானம் அது. கனரக வண்டிகளை உயரமான ஓரத்தில் மூக்கை மேடு பார்த்து வரிசையாக நிறுத்துவோம். முதலில் என் லாரி, அடுத்து இன்னொரு ஸ்கூல்காரரின் லாரி, மூன்றாவது யாரோ ஒரு தனியார் பஸ். சரிவின் கீழே, வாசல் பக்கத்தில், டூவீலர் தேர்வுக்கு வந்தவர்கள் ஸ்கூட்டர்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பெண்பிள்ளைகள், கூடவே அவர்களுடைய அப்பாக்கள்.

இன்ஸ்பெக்டர் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு அம்மா. அவர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சத்தம் போட மாட்டார், ஆனால் எதையும் தொட்டுப் பார்ப்பார். அது எங்களுக்குக் கொஞ்சம் புதுசு. முன்பெல்லாம் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்கிறது என்போம், முடிந்தது. இவர் சிலிண்டரைத் தூக்கி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். நல்லவேளையாக முந்தின வாரமே அடுத்த லாரிக்காரர் அதில் புது பேண்டேஜும் மருந்தும் வாங்கிப் போட்டிருந்தார். சீப்பையும் எடுத்திருந்தார்.

எங்கள் ஆள், அதாவது அந்த மினி லாரிக்காரர், கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். முக்கோணத்தை எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும், சிலிண்டரின் பின்னை எப்படி இழுக்க வேண்டும், மலை இறக்கத்தில் எந்தக் கியர், எல்லாம் சொன்னார். ஸ்டார்ட் செய்யச் சொன்னபோது நியூட்ரலுக்கு மாற்றி ஸ்டார்ட் செய்தார். லைட், ஹாரன், வைப்பர் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரம்மா என்ஜினை அணைக்கச் சொன்னார். "சரியா இருக்கு. கூப்பிடும்போது டிராக்குக்குக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகக் குடைக்குக் கீழே போட்டிருந்த மேசைக்குப் போனார். அடுத்த வண்டியைப் பார்க்க வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

எங்களுக்கு அந்த இரண்டு மூன்று நிமிடம் தாராளம். சிலிண்டரும் பெட்டியும் முக்கோணமும் பின்பக்கமாகப் போய்விட்டன. அடுத்த லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, கட்டைய இங்கன தள்ளும். அந்தம்மா இப்ப வந்துரும்" என்றார்.

எங்கள் ஆள் அப்போது லாரிக்குப் பின்னால் நின்று, சாரலில் நனைந்த ஸ்டிக்கரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டி கியரில்தான் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எப்போதும் அப்படித்தானே நிறுத்துவோம். அவர் நியூட்ரலுக்கு மாற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. குனிந்து கட்டையை இழுத்தேன். வரவில்லை. காலால் இரண்டு உதை உதைத்த பிறகுதான் வந்தது. வண்டியின் பாரம் முழுக்கக் கட்டையின் மேல்தான் நிற்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த பக்கத்துக் கட்டையையும் அதே மாதிரி உதைத்து எடுத்தேன். இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் அடுத்த லாரிக்காரர் கையில் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுத் திரும்பும்போது என் லாரி நகர்ந்துகொண்டிருந்தது.

ஓடவில்லை, சத்தம் இல்லை. ஒரு மனிதன் நடக்கிற வேகத்தில், பின்பக்கமாக, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே அந்தப் பிள்ளைகள். பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. வாய் திறந்தபடி நின்றேன். இருபது வருட அனுபவம் எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

எங்கள் ஆள்தான் விலகி, பக்கவாட்டில் ஓடினார். நனைந்த மண்ணில் ஒரு தடவை கால் வழுக்கி, முழங்கால் தரையில் பட்டது. எழுந்து, கதவைப் பிடித்துத் தொங்கி, உள்ளே ஏறி பிரேக்கை மிதித்தார். லாரி நிற்பதற்குள் ஒரு ஸ்கூட்டரைத் தட்டிவிட்டது. அந்த ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவளுடைய அப்பா கையைப் பிடித்து இழுத்திருந்தார். ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்தது. யாருக்கும் அடி ஒன்றும் இல்லை. நிதானமாக எழுதுகிறேன், ஆனால் அந்தப் பெண் நின்ற இடத்துக்கும் லாரியின் பின்பக்கத்துக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா குடையை விட்டு வேகமாக வந்தார். வந்ததும் அந்தப் பெண்ணிடம் போய் அடிபட்டதா என்று கேட்டார். பிறகு லாரியைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் எங்கள் ஆளையும் பார்த்துக் கேட்டார்.

"நான் பார்க்கும்போது டயருக்குக் கட்டை இருந்துச்சு. யார் எடுத்தது?"

ஒரே கேள்வி. ஒரே வார்த்தை பதில். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஆள் முந்திக்கொண்டார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மை இல்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. கட்டை எங்கே போனது என்று சொன்னால் செட் விஷயம் வெளியே வரும், ஹேண்ட் பிரேக் விஷயம் வெளியே வரும், ஸ்கூல் லைசென்ஸே போகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் ஆள் லாரியிலிருந்து இறங்கி, "நாந்தான் மேடம் எடுத்தேன். டிராக்குக்குக் கொண்டு போகணும்னு சொன்னீங்கல்லா, அதுக்காக எடுத்தேன்" என்றார்.

"சீட்ல ஏறாமலே எடுத்தீங்களா?"

"ஆமா மேடம். தப்புதான்."

அவர் முழங்காலில் சேறு. துண்டு இன்னும் கையில் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்த கட்டை எங்கே என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் உடைந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அதற்குள் அந்தப் பெண்ணின் அப்பா சத்தம் போட ஆரம்பித்துவிட்டார், கூட்டம் கூடிவிட்டது. "ஆள் இல்லாத வண்டிக்குக் கட்டையை எடுக்கிறவரை நான் ரோட்டுக்கு அனுப்ப முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைக்குப் போனார். ஃபெயில் என்று ஏற்றினார். நான் கண்ணாடி உடைந்தவரைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் அங்கிருந்து நகர்ந்தேன்.

பத்து நிமிடம் கழித்து இன்ஸ்பெக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்க வண்டி ஹேண்ட் பிரேக் பிடிக்கல. இன்னைக்கு இந்த வண்டியில டெஸ்ட் கிடையாது. உங்க மத்த ரெண்டு பேரும் பக்கத்து லாரியில எடுத்துக்கலாம். வண்டி சரியில்லாததுக்கு அவங்க என்ன செய்வாங்க" என்றார்.

அங்கேயே எனக்கு விஷயம் விளங்கியது. வண்டியில் குறை என்றால் வேறு வண்டி. ஆளில் குறை என்றால்தான் ஃபெயில். நான் எடுத்தேன் என்று நான் சொல்லியிருந்தால் அது வண்டிக்காரன் தப்பு. எங்கள் ஆளையும் பக்கத்து லாரியில் ஏற்றியிருப்பார்கள். அது புரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. இரண்டு இளவட்டங்களும் பக்கத்து லாரியில் ஏறி, எட்டு போட்டு, மேட்டில் நிறுத்தி எடுத்து, பாஸாகி வந்தார்கள். அந்த லாரியின் டயருக்கு என் கட்டைதான் அண்டை கொடுத்திருந்தது.

வாசலில் டீக்கடையில் எங்கள் ஆள் நின்றுகொண்டிருந்தார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். கேட்கிற முகம் எனக்கு எப்படி வந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

"உங்க மேல கைய வச்சாங்கன்னா, பொறத்தால நிக்குத ரெண்டு பயலுவளுக்கும் டெஸ்ட் போயிரும்லா. என்னையன்னா திட்டிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. ஓடிப் போயி நிறுத்துனதும் நாந்தானே, அதையும் பாத்திருப்பாங்கள்லா. இப்படி ஆவும்னு தெரியல."

தியாகம் செய்கிற முகம் அது இல்லை. கணக்குத் தப்பிப்போன முகம். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு லோடு ஏற்ற வேண்டும் என்று சொல்லி, பாவூர்சத்திரம் பஸ்ஸில் ஏறிப் போனார். சட்டைப் பையை அவர் அப்புறம் தொட்டுப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. என் மனைவி என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "இன்னும் ஆபீஸ் பூட்டிருக்க மாட்டாங்கல்லா" என்று மட்டும் சொன்னாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி ஒன்று. சம்பவம் நடந்து மூன்று மணி நேரம்.

இன்ஸ்பெக்டரம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையை எடுத்தது நான், அது எங்கே போனது, எதற்காகப் போனது, செட் எப்படிச் சுற்றும், ஹேண்ட் பிரேக் எத்தனை நாளாகப் பிடிக்கவில்லை, எல்லாம். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

"ஓடிப் போய் வண்டியை நிறுத்தினவர் அவர்தானே. நான் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆள் கட்டையை அப்படி எடுப்பாரான்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா அவரே சொல்றாரு, நீங்க பக்கத்துல நிக்கிறீங்க, ஒண்ணும் சொல்லல. நான் என்ன செய்ய?"

"இப்ப மாத்த முடியாதா மேடம்? அவருக்குச் சனிக்கிழமையோட எல்.எல்.ஆர். முடியுது."

அவர் முடியாது என்று உடனே சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். மேலே யாருக்கோ போன் செய்து, பேர் சொல்லாமல் விஷயத்தைக் கேட்டார். போனை வைத்துவிட்டு, "ஏத்தியாச்சு, இனி இறக்க முடியாது. ஏழு நாள் கழிச்சுத்தான். நீங்க காலையில அந்த இடத்திலேயே சொல்லியிருந்தா அவரை அடுத்த வண்டியில ஏத்தியிருப்பேன். இந்நேரம் பாஸாகிப் போயிருப்பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எனக்கு நோட்டீஸ் வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்து காட்டுகிறவரை லாரியைத் தேர்வுக்குக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். ஸ்கூல் லைசென்ஸ் போகவில்லை. நான் எதற்குப் பயந்து வாயை மூடினேனோ, அது நடக்கவே இல்லை.

மறுநாள் பாவூர்சத்திரம் போனேன். சந்தையில் மதிய நேரம், முருங்கைக்காய்க் கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் ஆள் வண்டியின் மேல் நின்று தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார். கீழே இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டரம்மா சொன்ன கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விடலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அதையும் சொன்னேன்.

அவர் கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுப் போட்டு, இறங்கி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் சொன்னதும் பொய்யிதான், நீங்க சொல்லாததும் பொய்யிதான் அண்ணாச்சி. ஆனா எனக்கு மட்டும்லா ஃபெயிலு."

லோடுமேன் ஒருவர் இன்னொரு கட்டு இருக்கிறது என்று கத்தினார். எங்கள் ஆள் கையால் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, "சரி, புது எல்.எல்.ஆர். எப்பப் போடணும்? ஒரு மாசம் ஆவணும்லா டெஸ்ட்டுக்கு?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மிச்சக் கட்டுக்காக மறுபடியும் வண்டியில் ஏறினார்.

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். நடந்ததைச் சொல்லி ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். திங்கட்கிழமை காலை பிள்ளைகளைக் கூட்டிவர பஸ் கிளம்பியாக வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்றார். தயாராக இருந்த அந்த வேறு ஆள் சேர்ந்துவிட்டார். அவரும் வீட்டில் சாப்பிட ஆசைப்படுகிறவராகத்தான் இருப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

லாரியின் ஹேண்ட் பிரேக்கை அந்த வாரமே மாற்றினேன். ஒரே நாள் வேலை. அதற்கு நான் சீசன் முடியட்டும் என்று காத்திருந்தேன். சிலிண்டர், பெட்டி, முக்கோணம், கட்டை என்று எல்லாவற்றையும் என் வண்டிக்கென்று புதிதாக வாங்கி, சிலிண்டரைக் கேபினுக்குள் போல்ட் போட்டு முறுக்கிவிட்டேன். செட் இப்போதும் மைதானத்தில் சுற்றுகிறது, என் வண்டியைத் தாண்டிப் போகிறது. "ஒம்ம கட்டைக்குப் பூட்டு வாங்கலியாவே" என்று மற்ற ஸ்கூல்காரர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

எங்கள் ஆள் புது எல்.எல்.ஆர். போட்டு, ஒரு மாதம் முடிந்த அடுத்த வாரமே தேர்வுக்கு வந்தார். அதே மைதானம், அதே இன்ஸ்பெக்டரம்மா. பத்து நிமிடத்தில் பாஸ். லைசென்ஸ் அட்டை வந்ததும் என் ஸ்கூலுக்கு வந்து வாங்கிக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெவி லைசென்ஸ் கிடைத்துவிட்டதால் சந்தையில் அவருக்குப் பெரிய லாரியைக் கொடுத்துவிட்டார்கள். முன்பு மலையைத் தாண்டி இறக்கிவிட்டுத் திரும்பினார். இப்போது இன்னும் தூரம், போனால் இரண்டு ராத்திரி ஆகிறதாம். பஸ் டிரைவர் வேலை எங்காவது காலியாக இருக்கிறதா என்று நானும் பார்க்கிற பள்ளிக்கூடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் அமையவில்லை.

வழியில் பார்த்தால் ஹாரன் அடிப்பார், நான் கை தூக்குவேன். எங்களுக்குள் பகை ஒன்றும் இல்லை. அவர் அதை மறந்துவிட்டாரோ என்னவோ, நான் கேட்டதில்லை. அன்றைக்கு "நான்தான்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரத்துக்காக அவர் இன்னும் ராத்திரி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.